புகார் கேட்டு அலைந்த லைன்காரம்மா

அந்த ஊர் டெலிபோன் எக்சேஞ்சில் மூன்று வருஷமாக ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை. போனெல்லாம் ஒழுங்காக வேலை செய்ததாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு போனாவது சாகும். மழை வந்தால் கேட்கவே வேண்டாம். எல்லாம் லைன்காரம்மா செய்த வேலை.

எக்சேஞ்ச் என்றதும் பெரிசாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அறை. பச்சை பெயின்ட் அடித்த இரும்பு அலமாரிக்குள் ஒயர்கள், எதிரே பேட்டரிகள், மூலையில் ஏணி, ஒரு கம்ப்யூட்டர், உட்கார்ந்தால் ஆடும் நாற்காலி. ஒரு காலத்தில் பத்துப் பேர் வேலை பார்த்த இடம். ஊரெல்லாம் செல்போன் வாங்கிக்கொண்டு லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுக்கக் கொடுக்க, ஆட்களும் ஒவ்வொருவராகக் கழன்றுபோய், நாற்பது சொச்சம் போனுக்கு லைன்காரம்மா ஒருத்தி மிச்சம். முதுகுவலியோடு ஏணி ஏறுவதும் அவள்தான், கூட்டிப் பெருக்குவதும் அவள்தான்.

போன் கம்பெனிகளை மேய்ப்பதற்கு அரசாங்கம் ஓர் ஆணையம் வைத்திருக்கிறது. நூறு போனுக்கு இத்தனை பழுதுக்கு மேல் வரக்கூடாது, வந்தாலும் மறுநாளே சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனிக்கு அபராதம் என்று சட்டம். நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நூறு போனே இல்லாத ஊரைப் பற்றி அந்தப் புண்ணியவான்கள் யோசிக்கவில்லை. இங்கே இரண்டு போன் படுத்தாலே கணக்கு எகிறிவிடும். ஒரு மழைக்காலத்தில் அப்படி எகிறியபோது மேலதிகாரி லைன்காரம்மாவைக் கிழி கிழி என்று கிழித்தார். அன்றைக்கே அவள் வீடு வீடாகப் போய், எல்லார் போனிலும் தன் செல் நம்பரை எழுதி ஒட்டினாள்.

"போன் செத்தா எனக்குச் சொல்லுங்க, ஓடி வரேன். புகார் நம்பருக்கு மட்டும் போட்டுடாதீங்க, என் தலை உருளும்."

சொன்னபடி ஓடி வந்தாள். ஊரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. நாத்தனார் மட்டும், "உன் மூணு ஏன் எட்டு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். கணவனுடைய அக்கா அவர், இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். குறை சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. தினமும் காலையில் லைன்காரம்மாவை லேண்ட்லைனில் கூப்பிட்டு, நேற்றுத் திட்ட மறந்ததை எல்லாம் திட்டித் தீர்த்த பிறகுதான் குளிக்கவே போவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு நாள் மேலதிகாரி கல்லைத் தூக்கிப் போட்டார்.

"அந்த எக்சேஞ்சை மூடப் போறோம். நீங்க தலைமை ஆபீசுக்கு வந்துடுங்க."

தலைமை ஆபீஸ் ஒரு முழுநாள் ரயில் தூரம். கணவனுக்கு இங்கே தையல் கடை, மகளுக்கு இங்கே படிப்பு. ஐம்பது வயசில் முன்பின் தெரியாத ஊரில் ஒண்டிக்கட்டையாக ஓர் அறையில் கிடக்க லைன்காரம்மாவால் ஆகுமா?

மூடுவதற்கு அனுமதி தர வேண்டியது ஆணையம். அங்கிருந்து ஓர் அதிகாரி வந்தார். வழுக்கைத் தலையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவர், அது ஆடியதும் எழுந்து நின்றே பேசினார்.

"மூணு வருஷமா ஒரு புகாரும் இல்ல, யாரும் போனைத் தொடறதாவே தெரியலன்னு கம்பெனி எழுதியிருக்காங்கம்மா."

"ஐயோ சார், புகார் இல்லன்னா நல்லா பார்த்துக்கறேன்னுதானே அர்த்தம்?"

"அப்படி எழுத இடம் இல்லையே. ஒரே ஒரு நிஜப் புகார் சரிபண்ணாம நிலுவையில நின்னாக்கூட நாங்க மூட விடமாட்டோம். உங்ககிட்ட அதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை முடிவு எழுதிடுவேன்."

அவர் போனதும் லைன்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வாள், தன் குழியைத் தானே தோண்டி, மண்ணையும் தானே அள்ளிக் கொட்டியிருந்தாள்! பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு புகார் பிச்சைக்குக் கிளம்பினாள்.

மருந்துக் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். "உன்மேல புகாரா? என் வாய் அழுகிடாதா? போம்மா, வெயில்ல சுத்தாதே."

ஓய்வுபெற்ற நீதிபதி, போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். "நல்லா இருக்கே. பொய்ப் புகார் கொடுக்கறது தப்பு."

"நான் வேணும்னா ஒயரைப் பிடுங்கி விடறேன் ஐயா."

"அது அதைவிடத் தப்பு."

தப்போ சரியோ, வெளியே வந்து கம்பத்தில் ஏறி நீதிபதி வீட்டு ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் போனாள். எக்சேஞ்சில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புகார் வருமா வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய செல்போன் அடித்தது. மருந்துக் கடைக்காரர்!

"ஐயா வீட்டு போன் செத்துடுச்சாம்மா. புகார் நம்பருக்குப் போட்டா உனக்குச் சிக்கல்னு என்கிட்ட வந்து சொல்லிட்டுப் போறாரு. கொஞ்சம் பாரு."

இந்த ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய? மறுபடி கம்பம், மறுபடி ஏணி. தானே கழற்றிய ஒயரைத் தானே மாட்டும்போது லைன்காரம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஏணிக்குக் கீழே நின்ற நீதிபதிக்கு விஷயம் விளங்கிவிட்டது. உள்ளே போய் ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். புகார்தானே சொல்லக்கூடாது? பாராட்டலாமே!

வியாழக்கிழமை ஊரே கம்பெனி நம்பருக்குப் போட்டது. பழுதுக்கு ஒன்றை அழுத்தவும், பில்லுக்கு இரண்டை அழுத்தவும் என்றது மெஷின். பாராட்டுக்கு எதை அழுத்துவது? அப்படி ஒரு தேவை வரும் என்று கம்பெனியில் யாருக்கும் தோன்றவே இல்லை. எல்லாரும் ஒன்றை அழுத்தி மனதாரப் பாராட்டினார்கள். மெஷின் அத்தனையையும் புகார் என்று பதிந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேலதிகாரி போனில் குதித்தார். "என்னம்மா இது! நாட்டிலேயே மோசமான எக்சேஞ்ச்னு திரை முழுக்கச் சிவப்பா எரியுது!"

ஆணையத்து அதிகாரியையும் லைனில் சேர்த்து, பதிவான குரல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார்கள். தங்கமான பொண்ணு என்றார் மருந்துக் கடைக்காரர். நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோல் நீட்டி முழக்கினார்.

"இதெல்லாம் புகார் ஆகாதும்மா, பதிவை மூடிடுங்க" என்றார் ஆணையத்து அதிகாரி. அவர் குரலிலும் வருத்தம்தான். லைன்காரம்மா கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பதிவாக மூடிக்கொண்டே வந்தாள். கடைசியாக ஒன்று இருந்தது. நாத்தனார் குரல்.

"என் போன்ல நாலு வருஷமா கொரகொரன்னு சத்தம். என் பக்கம் மட்டும்தான் கேக்கும்போல. பேசறவங்க சொல்றது பாதி விளங்காது. தெருவுக்கு அடியில போற கேபிளே இத்துப்போச்சு, ஒருத்தி ஏணியில ஏறி சரியாகற விஷயம் இல்ல. சொன்னா அந்த முதுகுவலிக்காரி சும்மா இருப்பாளா? தெருவைத் தோண்டக் கிளம்பிடுவா. அதான் சொல்லல. இப்ப சொல்றேன், எழுதிக்கோங்க. ஆளுங்களை அனுப்பிக் கேபிளை மாத்துங்க. அவளை மட்டும் மாத்தாதீங்க. அவ போயிட்டா நான் காலையில யாரைத் திட்டுவேன்?"

ஆணையத்து அதிகாரி அதை இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார். "இது நிஜப் புகார். கேபிள் மாத்தற வரைக்கும் நிலுவையில நிக்கும்."

"கேபிளா? அதுக்கு டெண்டர் விடணும் சார், வருஷக் கணக்கா ஆகும்!" என்று அலறினார் மேலதிகாரி.

"மெதுவா விடுங்க சார், அவசரமே இல்ல" என்றாள் லைன்காரம்மா.

எக்சேஞ்சைப் பூட்டிக்கொண்டு நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். போனை எடுத்துக் காதில் வைத்தாள். கொரகொரவென்று காதைப் பிய்த்தது. தன் குரலைக் கேட்க இந்த மனுஷி நாலு வருஷமாகத் தினமும் இதைக் காதில் வாங்கியிருக்கிறாள்!

"எல்லாத்தையும் குறை சொல்லுவீங்களே அக்கா, இதை மட்டும் ஏன் சொல்லல?" கேட்கும்போதே அவள் கண்ணீர் கையிலிருந்த போன்மேல் சொட்டியது.

"போனை வை முதல்ல" என்றார் நாத்தனார். "அழுது அழுது அதையும் நனைச்சுடாதே."