கடலா, அம்மாவா?

செகந்திராபாத்தில் பிரெஞ்சு வகுப்பில் சேரப் போன அன்று, ஆசிரியர் என் விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் காதைப் பார்த்தார். வலது காதில் மெஷின் மாட்டியிருந்தேன். இடது காது எட்டு வயதிலேயே சீழ் பிடித்துப் போய்விட்டது. வலதில் பாதிதான் மிச்சம். அவர் புதுச்சேரிக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நான் தமிழ் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, அக்கறையாகத்தான் பேசினார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இது காதால கத்துக்குற பாஷை. உங்களுக்குக் கஷ்டம். வேற ஏதாவது பாருங்களேன்."

தாழ்த்திச் சொன்னதால் எனக்குச் சரியாக விழவில்லை. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்" என்றேன். இந்த முறை பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் விண்ணப்பத்தை அவர் மேசைமேல் வைத்தேன்.

"யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன் சார். சேத்துக்குங்க."

உண்மையில் அவ்வளவு யோசித்திருக்கவில்லை. முந்தின வாரம் மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பிரெஞ்சு படிக்கலாமா என்று பார்க்கிறேன் என்றேன். என் கணவர் சிரித்துவிட்டார். "கைக்கு இதெல்லாம்?" என்றார், ஹைதராபாத்துக்காரர்கள் 'எதற்கு' என்று கேட்கும் விதத்தில். "உனக்குத் தமிழே பாதிதான் கேக்குது." ஐம்பது வயது முடிந்து, படம் வரையும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, சேர்ந்தே தீருவது என்று முடிவெடுக்க அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

முதல் இரண்டு மாதம் நன்றாக அடிபட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண், திருமுல்கேரி ராணுவக் குடியிருப்பிலிருந்து வரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஒரு தடவை கேட்டே எழுதிவிடுவாள். நான் அவள் நோட்டைப் பார்க்காமல் இருக்கக் கழுத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாம் மாதம் ஒரு பாடம் வந்தது. ஆசிரியர் பலகையில் மூன்று சொற்களை எழுதினார். மூன்றுக்கும் எழுத்து வேறு, பொருள் வேறு. ஒன்று கடல், ஒன்று அம்மா, ஒன்று நகர மேயர். வாயைத் திறந்தால் மூன்றும் 'மேர்'தான். அடுத்து, நூறு, ரத்தம், 'இல்லாமல்' என்ற சொல்: மூன்றும் 'சான்'. கல்லீரல், நம்பிக்கை, 'ஒரு தடவை' என்பதில் வரும் தடவை: மூன்றும் 'ஃபுவா'. வகுப்பே தலையில் கை வைத்துக்கொண்டது.

"இங்க காது உதவாது" என்றார் ஆசிரியர். "சுத்தி இருக்குற வார்த்தைங்களப் பாருங்க. யார் பேசுறாங்க, எங்க பேசுறாங்கன்னு பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க."

நாற்பது வருடமாக நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்? சாப்பாட்டு நேரத்தில் என் கணவர் கேட்பது எனக்கு உயிர் என்றுதான் விழும். அந்த நேரத்தில் யாரும் உயிரைக் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் தயிரை எடுத்து வைப்பேன். பிறகு இரண்டு டிக்டேஷன் வைத்தார். இரண்டிலும் கூர்மையான காதுக்காரர்கள் ஆஸ்பத்திரி வாக்கியத்தில் நூறு என்று எழுதினார்கள். நான் ரத்தம் என்று எழுதினேன்.

பருவத் தேர்வில்தான் அது நடந்தது. தனித்தனியாகப் பத்து வாக்கியம். ஏழாவது, 'அந்தச் சின்னப் பெண்ணுக்கு மேர் என்றால் பயம்.' மேயருக்கு முன்னால் வரும் சின்னச் சொல் வேறு, அதனால் அவர் இல்லை. கடலுக்கும் அம்மாவுக்கும் ஒரே சொல்தான் முன்னால் வரும். நான் அம்மா என்று எழுதினேன்.

தாள் திரும்பி வந்தபோது அந்த வரியில் சிவப்புக் கோடு. ஓரத்தில் பிரெஞ்சில் இரண்டு சொல்: மல் ஆந்தாந்த்யு. சரியாகக் கேட்கவில்லை என்று பொருள்.

இந்த வார்த்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வருகிறேன். கேட்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டும் வருகிறேன். அன்று எழுந்து நின்றேன்.

"சார், நான் தப்பா கேக்கல. ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கும். நீங்கதான சொன்னீங்க?"

"மேடம், பயம்னா கடல்தான். அம்மாவைப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?"

"நான் பயந்தேன். காதுல ஊத்த மருந்துக் குப்பியோட எங்கம்மா வந்தா கட்டிலுக்கு அடியில பூந்துடுவேன். காலைப் புடிச்சு இழுப்பாங்க."

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஒண்ணு செய்யுங்க சார். ரெண்டுல ஒண்ணை ஒரு தாள்ல எழுதி மடிச்சு வெச்சுக்குங்க. அப்புறம் சத்தமா படிங்க. நல்லாக் காது கேக்குறவங்க பதினேழு பேர் இருக்காங்க. அவங்க சொல்லட்டும்."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு எழுதி மடித்து, வாக்கியத்தை மிகத் தெளிவாக, இரண்டு முறை படித்தார். கடல் என்று பத்துக் கை உயர்ந்தது. அம்மா என்று ஏழு. தாளைப் பிரித்துக் காட்டினார். அம்மா.

"ஹவ் சார், ஆமா, ஆன்ட்டி கரெக்ட்" என்றாள் திருமுல்கேரிப் பெண். "ரெண்டும் சேம் டு சேம்."

"சரி மேடம், மார்க் போட்டுடறேன்" என்று தாளுக்குக் கை நீட்டினார்.

"மார்க் இருக்கட்டும் சார். ஓரத்துல எழுதியிருக்கறதைச் சரி பண்ணுங்க. ரெண்டு வார்த்தையா எழுதினா என் காது மேல தப்பு. அதையே ஒண்ணாச் சேத்து எழுதினா வேற அர்த்தம், இல்ல?"

அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றாகச் சேர்த்து எழுதினால் அதே ஒலிக்கு, 'ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்ளுதல்' என்று பொருள். அதில் குற்றம் ஒரு காதின் மேல் மட்டும் விழாது. அவர் பேனாவை எடுத்து, இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு சின்ன வளைகோடு போட்டு இணைத்தார். பிறகு முழு மார்க் போட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் ஒலிபெருக்கியில் கேட்டுப் பதில் எழுதும் தேர்வில் தோற்றேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. தலையில் மாட்டும் ஹெட்போன் கொடுத்தால் என்னால் எழுத முடியும் என்று அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தேன். அப்படி வழக்கம் இல்லை என்றார்கள். இரண்டாவது கடிதம் கொடுத்தேன். மூன்றாவது கடிதத்தில் ஆசிரியரும் கையெழுத்துப் போட்டார். ஹெட்போன் வந்தது. இரண்டாம் முறை தேறினேன்.

அந்த வாரம் என் கணவர் சமையலறையில் குழாயடியில் நின்று, தண்ணீர் ஓடும் சத்தத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "காதுல விழலயா?" என்றார்.

"குழாயை மூடிட்டு இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க" என்றேன். "விழும்."

அவர் குழாயை மூடினார்.