நவார்ராவில் அம்மா உரித்த மிளகாய்

அப்பா ஷார்ஜாவில் ஓர் அரபு முதலாளியின் உணவு இறக்குமதிக் கம்பெனியில் வேலை பார்த்தார். எழுபதுகளின் நடுவில் துபாயில் புதுப்புது ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றின் வெள்ளைக்காரச் சமையல்காரர்கள், ஸ்பெயினில் கண்ணாடிப் புட்டியில் அடைத்து விற்கும் சுட்ட சிவப்பு மிளகாய்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்களாம். நேரில் போய்ப் பார்த்து ஆர்டர் கொடுத்துவர அப்பாவை அனுப்பிய முதலாளி, குடும்பத்தையும் கூட்டிப் போ, கலாஸ், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குப் போக விருப்பமில்லை. ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் ஃபிளாட்டை விட்டு அவள் கீழே இறங்குவதே அபூர்வம். சுற்றிலும் பேச்சிலர் ரூம்கள். நான் பள்ளியிலிருந்து வரும்வரை ஏசியின் இரைச்சல்தான் அவளுக்குத் துணை. எட்டு வயதான நான் அழுது புரண்டு அவளைச் சம்மதிக்க வைத்தேன்.

ஸ்பெயினின் வடக்கே நவார்ரா என்ற விவசாய வட்டாரத்தில், மிளகாயைச் சுட்டு அடைக்கும் பட்டறைகளில் மூன்று நாள் ஏறி இறங்கினோம். அப்பா கோட்டும் டையுமாகப் புட்டிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டில் ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்டால் சொல்லத் தெரியாதவர் அவர்.

கடைசியாகப் போனது ஒரு குடும்பத்தார் நடத்திய சிறிய பட்டறை. அப்பா ஆர்டர் கொடுத்ததும் அங்கேதான். வாசலில் விறகுத் தீயில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே நீண்ட மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து, கருகிய தோலை விரலாலேயே உரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா உரிமையாளரோடு ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார். அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மிளகாயை எடுத்தாள். கத்தரிக்காய் சுட்டு உரித்துப் பழகிய கை. இரண்டாவது மிளகாயே கிழியாமல் வந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

பக்கத்தில் இருந்த பருமனான பெண் ஸ்பானிஷில் பேச, அம்மா மதுரைத் தமிழில் பதில் சொன்னாள்.

"காரமே இல்லையேக்கா, இதைத் தின்னு என்ன பண்றது?" என்று அம்மா கேட்டதற்கு, அவளும் ஏதோ பொருத்தமாகத்தான் சொன்னாள் போலிருக்கிறது. இருவரும் சிரித்தார்கள். அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

பிறகு அந்தப் பெண் என்னைச் சுட்டிக்காட்டி, தன் நான்கு விரல்களை விரித்தாள். தனக்கு நாலு, உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. அம்மா கரி படிந்த இரண்டு விரல்களை நீட்டினாள். சற்றுப் பொறுத்து ஒன்றை மடக்கிக்கொண்டாள்.

அந்தப் பெண் கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தாள். ஈரக் கை புடவையில் படாமல், முழங்கையால் அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டாள்.

அதற்கு முந்தைய வருடம் அம்மா பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றுவலி என்றுதான் அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு ஒரு தம்பி பிறந்து இரண்டு நாள் உயிரோடு இருந்தான் என்பது, எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரியவந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதே இல்லை.

அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அம்மாவுக்கு எண்ணக்கூடத் தெரியாது என்று இவர்கள் நினைத்துவிடுவார்களே என்று, மேசையைச் சுற்றி ஓடிப்போய், எல்லோருக்கும் தெரியும்படி ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"ஒண்ணுதாம்மா. நான் மட்டும்தான்," என்றேன்.

"ஆமா கண்ணு," என்று சொல்லிவிட்டு, அம்மா அடுத்த மிளகாயை எடுத்தாள்.