நிரம்பியே வீடு திரும்பிய பாட்டில்

சித்தி வேலையிலிருந்து வந்துவிட்டாள் என்பதை அவள் குரலுக்கு முன்பே ஒரு சத்தம் சொல்லிவிடும். சமையல் மேடையின் கடப்பாக்கல்லில் ஸ்டீல் பாட்டிலை வைக்கும் சத்தம். காலி பாட்டில் என்றால் கணீரென்று கேட்கும். சித்தியின் பாட்டில் கனமாக, தொப்பென்று உட்காரும். காலையில் அம்மா கழுத்துவரை நிரப்பிக் கொடுத்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருக்கும் அம்மா எட்டிக்கூடப் பார்க்காமல் கேட்பாள்: "தண்ணிக்கு பேக்டரிய சுத்திக் காட்டிட்டு வந்தியாடி?"

சித்தி அம்மாவின் தங்கை. சித்தப்பா தவறிய பிறகு அடுகோடி பேட்டையில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைத்தாள். அந்தப் பாட்டிலே ஆயுத பூஜைக்கு பேக்டரியில் கொடுத்ததுதான். பாட்டில் கொடுத்த மகராசர்கள், குடித்தால் எழுந்து போக நேரம் கொடுக்கவில்லை. "குடிச்சா போவணும் பாப்பா. போய்ட்டு வர்றதுக்குள்ள பீஸ் மலையா சேர்ந்துடும். சூப்பர்வைசர் தலைமேல நின்னுகினு 'பேக பேக', சீக்கிரம் சீக்கிரம்னு கன்னடத்துல விரட்டுவான். அதுக்கு நாக்கு வறண்டே கெடக்கட்டும்" என்பாள். இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரையைக்கூட ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்துவேன். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள்.

ஒரு சித்திரை மாதம், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி, பேதி. வயிறு அடங்கியதுமே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலிக்கிறது என்று வழக்கமான வலி மாத்திரையைக் கூடவே போட்டுக்கொண்டாள். வெயில் வேறு கொளுத்தியது. அன்று மாலை பாட்டிலை வைத்துவிட்டு, பெருமையாகவே சொன்னாள்: "இன்னிக்கு ஒரு வாட்டிகூட எந்திரிக்கல பாப்பா. ஊட்டுக்கு வந்தும் ஒன்னுக்கு வரல." நான், "அப்போ உனக்கு பிரமோஷன்தான் சித்தி" என்றேன். அம்மாகூடச் சிரித்தாள். சிறுநீரை அடக்கியே பழகியவளுக்கு அது நின்றுபோனது எப்படித் தெரியும்? முகம் ஊதி, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே சிறுநீரகப் பிரிவின் பெரிய டாக்டரம்மா, இப்படித் திடீரென்று சிறுநீரகம் செயலிழப்பது ஏன் என்றே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். அவர் சித்தியிடம் கேட்ட முதல் கேள்வி, "வேலை நேரத்துல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" சித்தி என் முகத்தைப் பார்த்தாள். டாக்டரம்மா எங்களை வெளியே அழைத்துப்போய்க் கன்னட வாடைத் தமிழில் சொன்னார்: "கிட்னி சாகலை. மயங்கிக் கிடக்கு. தண்ணி வத்தின உடம்புல அந்த வலி மாத்திரையும் சேர்ந்து அடிச்சிருக்கு. டயாலிசிஸ் செஞ்சுகிட்டே காத்திருக்கணும், எழுந்தாலும் எழும். முன்னாடியே வந்திருந்தா தண்ணியே மருந்தா இருந்திருக்கும். இப்போ அதே தண்ணி ஆபத்து." உள்ளே போவது வெளியே வர வழியில்லாமல் நுரையீரலில் தேங்கிவிடுமாம். அளந்து கொடுத்த சொட்டுத் தண்ணீர் மாத்திரைக்கே சரியாகப் போயிற்று. மற்ற நேரத்துக்கு, நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைக்கலாம். அவ்வளவுதான்.

சித்தி தண்ணீர் கேட்டாள். வாழ்நாளெல்லாம் கேட்காதவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா அதைத் தாங்க முடியாமல் வராண்டாவுக்குப் போய்விடுவாள். பஞ்சோடு நான்தான் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வேலைலதான் குடிக்க முடியல. இப்போ சும்மாதானே படுத்துகினு இருக்கேன். இப்பவாச்சும் ஒரு வாய் குடு கண்ணு." நான் கொடுக்கவில்லை. கொடுக்காததுதான் சரி என்று டாக்டரம்மா அதற்குப் பிறகு எத்தனையோ முறை சொல்லிவிட்டார். சரிதான். ஆனால் அந்தக் கை என்னை விடவில்லையே. காலையில் கண் விழித்ததும் கட்டிலோரம் குழாயோடு மாட்டியிருந்த சிறுநீர்ப் பையைத்தான் பார்ப்போம், பச்சைக் குழந்தைக்குப் பார்ப்பது போல. பை காலியாகவே தொங்கியது. ரத்தத்தில் கிருமி பரவி, அந்தச் சிறுநீரகம் மயக்கம் தெளியாமலே சித்தி போய்விட்டாள்.

இப்போது நான் அதே டாக்டரம்மாவிடம் வேலை செய்கிறேன். கார்மென்ட்ஸ் வாசல்களில் நின்று பெண்களிடம் பேசி, ரத்தமும் சிறுநீரும் கொஞ்சம் வாங்கி வருவது என் பொறுப்பு. ரத்தத்தில் கழிவு ஏறியது தெரிவதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிடுகிறது. அதற்கு முன்பே சிறுநீரில் ஏதாவது தடயம் தெரியுமா என்பதுதான் டாக்டரம்மாவின் தேடல். தெரிந்தால் இன்னொருத்தியின் சித்தியைத் தண்ணீரே காப்பாற்றிவிடும். சித்தியின் பாட்டிலைத்தான் கொண்டுபோகிறேன். அடம்பிடித்து, மாலைக்குள் குடித்துக் காலி செய்துவிடுவேன்.

நேற்று மதியம் ஒரு பெண், காலர் தைக்கிறவள், உதடெல்லாம் வெடித்துப் போயிருந்தது. "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று பாட்டிலை நீட்டினேன். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். "போதும்க்கா. மணி அடிச்சிடும்." அதற்குப் பிறகு எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பாட்டிலைக் கடப்பாக்கல்லில் வைத்தேன். தொப்பென்று உட்கார்ந்தது. உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல், எத்தனையோ வருஷம் கழித்து, தன்னை அறியாமல் எழுந்தது: "தண்ணிக்கு பேக்டரிய சுத்திக் காட்டி..."

அதோடு நின்றுவிட்டது. அம்மா வெளியே வரவில்லை. நானும் உள்ளே போகவில்லை.