அக்கா அறுபத்தெட்டு

சுவருக்குப் பெயின்ட் அடிப்பது அவள் தொழில். அடிப்பதற்கு முன்பே அறை எப்படி மாறும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து காட்டிவிடுவாள். அதைப் பார்த்து மயங்கித்தான் குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள் தங்கள் தாழ்வாரம் முழுவதையும் அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, வாசலிலிருந்து கடைசி அறைவரை நடந்துபோவதுபோல ஒரு சின்னப் படம் செய்து மறுநாள் காட்ட வேண்டும். இவ்வளவு பெரிய வேலை அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

அந்தக் கம்ப்யூட்டர், அவளும் வேன் ஓட்டும் கணவனும் பாகம் பாகமாக வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பூட்டியது. படம் சீக்கிரம் முடியட்டுமே என்று அதன் மூளையான பிராசசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் முடுக்கிவிட்டாள். ஓவர்கிளாக் என்பார்கள். திரை ஓரத்தில் வெப்பம் கண்மூடித் திறப்பதற்குள் தொண்ணூற்றெட்டு டிகிரியைத் தொட்டது. மெஷின் பொசுக்கென்று அணைந்தது. திரும்பப் போட்டாலும் அதே கதை.

பிராசசர் மேல் பூட்டி, அதன் சூட்டை இழுத்து வெளியே தள்ளும் கூலரைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது பொய் சொல்லுதுங்க. கை வச்சுப் பாருங்க, சில்லுனு இருக்கு.”

“ஆமா. சென்சார் கெட்டுப்போச்சு போல,” என்றான் கணவன்.

அப்படியென்றால் சூடேறினால் தானாக அணைக்கும் காவலை நிறுத்திவிட்டு ஓட்ட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினாள். அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவனுக்கு மூத்தவள், லாண்டரியில் வேலை. வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாலே ஒரு குறையோடுதான் வைப்பாள். அவளைக் கண்டதுமே இவளுக்கு முகம் சுருங்கியது. வந்தவள் டிவி ரிமோட்டை எடுத்தாள். வாங்கிய அன்று இருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அதன்மேல் இருந்தது.

“டேய், இந்த வீட்டுல எதத்தான்டா உரிச்சிருக்க? ரிமோட்டுல கவரு, ஃப்ரிட்ஜ் கதவுல கவரு. இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ளயாவது உரிச்சியா, இல்லையா?”

கணவன் திருதிருவென்று விழித்தான்.

“கூலருக்கு அடியில ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு. கீறல் விழாம இருக்கட்டுமேன்னு...”

கழற்றிப் பார்த்தார்கள். தாள் அப்படியே இருந்தது, அதன்மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டும் பாந்தமாகத் தடவியிருந்தது. திரையில் வந்த எண் பிராசசரின் வயிற்றுக்குள்ளிருந்து வருவது. அவள் கை தொட்டதோ வெளியே இருக்கும் கூலரை. உள்ளே கொதித்த சூடு அந்தத் தாளைத் தாண்டி மேலே ஏறவேயில்லை. கூலர் சில்லென்று இருந்ததுதான் கோளாறே. காவலை மட்டும் நிறுத்தியிருந்தால் பிராசசரே கருகியிருக்கும்.

உரித்தார்கள். புதிதாகப் பேஸ்ட் தடவி, வேகத்தையும் கொஞ்சமாகவே கூட்டினாள். வெப்பம் அறுபத்தெட்டுக்குப் போய் அங்கேயே நின்றது. படம் முடிந்தது, வேலையும் கிடைத்தது.

அடுத்த முறை வந்த நாத்தனார் திரையை உற்றுப் பார்த்தாள்.

“என்னடி, அக்கா அறுபத்தெட்டுன்னு போட்ருக்கு? எனக்கு அம்பதே ஆகல.”

“வயசில்லக்கா, வெப்பம். அந்த ரீடிங்குக்கு உங்க பேர வச்சுட்டேன். அது நல்லதுக்குக் கத்துனத நான்தான் பொய்யின்னேன். உங்களையும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். அன்னிக்கு நீங்க வாயத் திறக்கலன்னா நான் நடுத்தெருவுலதான் நின்னிருப்பேன்.”

நாத்தனார் மேசையை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இவ்வளவு தூசி. துடைக்கவே மாட்டியா?”

“இதோக்கா,” என்று அவள் சிரித்துக்கொண்டே துணி எடுக்கப் போனாள்.