அப்பாவின் வண்டிச் சத்தம்

கோவளத்தில் மெக்கானிக் என் பழைய பிக்கப்பின் புகைக்குழாயை அறுத்தபோது, உப்புத்துரு கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது.

"நல்லாத்தான கீது அண்ணாத்த, ஏன் மாத்துற?"

"இந்தச் சத்தத்தோட வந்தா ரிசார்ட்டுல உள்ள வுடமாட்டாங்களாம்."

இது அப்பா மீன் ஏற்றிய வண்டி. ஹாரன் அடிக்காமலே வருவது தெரியவேண்டும் என்று சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்திருந்தார். நெம்மேலியில் சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்த எங்கள் வீட்டுக்கு அந்த அதிர்வு சாலை வளைவிலிருந்தே வந்துவிடும். வாசலில் உட்கார்ந்திருக்கும் மீன்காரப் பெண்கள் பேச்சை நிறுத்தாமலே கூடையோடு எழுவார்கள், அம்மா உலையில் அரிசி போடுவாள், அலுமினியத் தட்டுகள் அலமாரியில் நடுங்கும், மணலில் புரளும் நாய்கள் மீன் தலைக்காக ஓடும். உப்புக்காற்று குழாயில் ஓட்டை போட்டால் அப்பா தகர டப்பாவை வெட்டிச் சுற்றிக் கம்பியால் முறுக்குவார்; சத்தம் இன்னும் கூடும்.

பக்கத்தில் ரிசார்ட் வந்தது. முதலில் சத்தம் கூடாது என்றார்கள், அப்புறம் மீன் நாற்றம் கூடாது என்றார்கள், கடைசியில் நாங்களே கூடாது என்றார்கள். வீட்டைக் காலிசெய்தோம். அப்பா சாகும்வரை அந்தக் குழாயை மாற்றவில்லை.

நான் மாற்றிவிட்டேன். அந்த ரிசார்ட்டுக்குத்தான் சலவைத் துணி கொண்டுபோகிறேன். பின்பக்க கேட்டைத் திறந்த காவலாளி சிரித்தார்.

"வண்டி வந்ததே தெரில அண்ணாத்த. இப்பத்தான் நல்லா கீது."

அம்மாவின் அடுப்பு இருந்த இடத்தில் வெள்ளைத் துண்டுகளை இறக்கி அடுக்கினேன்.