அப்பா டூட்டிக்குப் போயிருக்கிறார்

வேலை போன மறுநாளும் அப்பா காலை ஆறேகாலுக்கு வேலைக்குக் கிளம்பினார். குளித்து, திருநீறு பூசி, டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு, நாங்கள் காக்கு என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்தி அம்மாளுக்கு வழக்கம்போல ஒரு நமஸ்காரம் வைத்துவிட்டுப் போனார். மாலை மூன்றரை மணிக்கு, ஷிஃப்ட் முடிந்தவர் போலவே திரும்பி வந்தார். இடையில் எங்கே இருந்தார் என்று அம்மா கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் புனேயில் கோர்படி ரயில்வே கேட் பக்கம் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது. அப்பா ஹடப்சரில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை கேட்டில் பெயர்ப்பட்டியலை ஒட்டி, பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பாவுக்கு, மராத்திக்காரர்கள் நடுவில் வேலையில்லாதவன் என்ற பெயர் வந்துவிடக்கூடாது. அன்றைக்கே எனக்கும் உத்தரவு போடப்பட்டது. "யாரு கேட்டாலும் அப்பா டூட்டிக்குப் போயிருக்காருன்னு சொல்லணும். காக்கு கேட்டாலும் அதேதான்" என்று அம்மா என் தாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் இரண்டு தடவை ஒப்பித்துக் காட்டினேன்.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அம்மா துலக்கிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி துலக்குவாள். லீவு நாளில் அப்பா அந்த ஒற்றை அறையில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். நடுவில் நான் உட்கார்ந்திருந்தால் என்னைச் சுற்றிக்கொண்டு போவார். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை ஒரு இடத்தில் உட்காரச் சொல்லி அதட்டாத நாளே கிடையாது.

அப்போது எங்கள் பகுதித் தமிழர்கள் சேர்ந்து, கோயிலை ஒட்டிய கூடத்தில் ஞாயிறுதோறும் வேலை போனவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தார்கள். பாங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் அதற்குத் தலை. நாங்கள் அவரை பேங்க் மாமா என்போம். வருகிறவருக்கு என்ன தெரியும் என்று விசாரித்து, ஆங்கிலத்தில் பயோடேட்டா டைப் அடித்துக் கொடுத்து, போசரி பக்கத்துப் பட்டறை முதலாளிகளுக்கெல்லாம் போன் போட்டு அவர் நச்சரிப்பார். அங்கே போகும்போது அப்பா என்னையும் கூட்டிப் போவார். கையில் ஒரு குழந்தை இருந்தால், பார்க்கிறவர்களுக்குக் கோயிலுக்குப் போவதாகத் தோன்றும் அல்லவா? நான் அதை என் மேல் உள்ள பிரியம் என்றே எண்ணியிருந்தேன்.

பயோடேட்டாவில் போன் நம்பர் வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் ஏது போன்? அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுபோல அப்பாவும் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, ஓரத்தில் பி.பி. என்று எழுதச் சொன்னார். வேலை போனதை எந்தக் காக்குவிடம் மறைத்தாரோ, அந்தக் காக்குவின் நம்பர். இதில் இருந்த கோளாறு பெரியவர்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை பகலில் போன் வந்தது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். காக்கு கூப்பிட்டதும் நான்தான் ஓடினேன். ஒரு ஆள் இந்தியில் அப்பாவின் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்றார். காக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டூட்டிக்குப் போயிருக்கிறார் என்றேன். என்ன டூட்டி, வேலை கிடைத்துவிட்டதா என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் காக்குவைப் பார்த்தேன். கம்பெனியில்தான், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், மூன்றரைக்கு வருவார் என்று கணீரென்று சொன்னேன். சரி, சந்தோஷம் என்று அவர் வைத்துவிட்டார். யார் என்று காக்கு கேட்டதற்கு, அப்பாவின் சிநேகிதர் என்று நானாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். சொன்னபடி செய்துவிட்ட பெருமையோடு தெருவில் பாண்டி ஆடப் போனவள், அம்மா வருவதற்குள் அதை மறந்தும் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடத்துக்குள் நுழைந்ததும் பேங்க் மாமா எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வேலை கெடச்சா எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? போசரிக்காரர் போன் பண்ணப்ப உங்க பொண்ணுதான் சொல்லிச்சாம், அப்பா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிருக்காருன்னு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். நான் சொன்ன பொய் எப்படியோ பலித்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. பேங்க் மாமாவே சொல்கிறாரே.

அப்பா வாயைத் திறக்கப் போனார். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர் பேடா டப்பாவோடு வந்தார். அதே கம்பெனியில், அதே நாளில் வேலை போனவர். கூடவே அவர் மனைவியும் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். "உங்களுக்கு வேண்டாம்னதாலதான்ணே போசரிக்காரரு என்னைக் கூப்பிட்டாரு. நாளைக்குச் சேரச் சொல்லிட்டாங்க" என்று சொல்லி, அவர் ஒரு பேடாவை எடுத்து என் வாயில் வைத்தார். அந்த அக்கா அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்பா திறந்த வாயை மூடிக்கொண்டார்.

வேலை கிடைத்தவர்கள் முன்னால் வந்து, சுவரில் மாட்டிய பட்டியலில் தங்கள் பெயரைத் தாங்களே அடித்துவிட்டு, மற்றவர்களுக்குத் தைரியமாக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அந்தக் கூடத்து வழக்கம். முதலில் பேடாக்காரர் அடித்தார். பிறகு மாமா பேனாவை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்கி மூடியைக் கழற்றினார். பிறகு தன் பெயரின் மேல், லேத்தில் கோடு போடுகிறவரின் சுத்தத்தோடு ஒரே கோடாக இழுத்தார்.

"தொழில் தெரிஞ்ச கை சும்மா இருக்காது. யாரும் மனசு விட்டுடாதீங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அவருக்கு அதன்பின் பத்து மாதம் வேலை கிடைக்கவில்லை. பெயரை அடித்த இடத்துக்கு மறுபடி போய் எழுதச் சொல்ல அவரால் முடியவில்லை; அந்தத் தெருப்பக்கமே போவதை விட்டுவிட்டார். கடைசியில் ஔந்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். லேத்தை அவர் அப்புறம் தொடவே இல்லை. அந்தப் போன் யாருடையது என்பதும், நான் எதைத் தட்டிவிட்டேன் என்பதும் எனக்குப் புரிந்தபோது கல்லூரியில் இருந்தேன். புரிந்த அன்று பஸ்ஸில் உட்கார முடியாமல் பாதி வழியில் இறங்கி நடந்தேன். அப்பா ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இப்போதும் நினைக்கிறேன்.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எல்லோரும் என் அப்பாவுக்குக் கைதட்டுகிறார்கள். நான் நாற்காலி மேல் ஏறி நின்று தட்டினேன். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் தட்டினேன். அப்பா நேராக என்னிடம் வந்து, என் இரண்டு கைகளையும் சேர்த்துத் தன் கைகளுக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டார். விளையாடுகிறார் என்று நினைத்து, கையை உருவிக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினேன்.