சிவப்பு வெள்ளை வயரும் வெளிச்ச வயரும்

போன கிழமை அக்காவின் மகன் ரீவிக்குக் கீழே வைக்கிற நீளமான ஸ்பீக்கர் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். அத்தானுக்குக் காது மந்தமாகிவிட்டது. அவர் செய்தி பார்த்தால் எங்கள் ஊர் பாலையூற்றில் பாதிச் சனம் செய்தி கேட்கிறது என்று அக்காவுக்கு வெட்கம். பெட்டியைப் பிரித்ததும் வெள்ளை ரெஜிபோம் அடைப்பும் புதுப் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை வந்தது. எல்லாரும் அதை ஆசையாய் முகர்வார்கள். நான் எழும்பிப் போய் யன்னலைத் திறந்துவிட்டேன்.

"மாமா, ரெண்டு வயர் வந்திருக்கு. இது டிஜிற்றல், இது பழைய சிவப்பு வெள்ளை. எதைக் குத்த?"

கேட்டுக்கொண்டே கறுப்பு வயரின் ஒரு நுனியை ரீவியில் செருகிவிட்டான். மற்ற நுனியில் சிவப்பாய் ஒரு பொட்டு வெளிச்சம் எரிந்தது. கையை உயர்த்தட்டா என்று ஒரு கணம் எனக்குள் ஏதோ கேட்டது.

"பழசையே குத்து."

"அது இரையும் மாமா."

"இரையட்டும்."

இவனுக்கு எப்படி விளக்குவது? உங்களுக்கென்றால் ஆறுதலாகச் சொல்லலாம்.

இவன் தொட்டிலில் கிடந்தபோதே அத்தான் கட்டாருக்குப் போனார். போக வேண்டாம் என்று அக்கா அழுதாள், ஏசினாள், கடைசியில் அவரோடு கதைப்பதையே நிறுத்திவிட்டாள். அத்தான் சந்திக் கொம்யூனிகேஷன் கடைக்கு ஃபோன் எடுப்பார். கடைக்காரர் ஆளனுப்பிக் கூப்பிடுவார். அக்கா அசையமாட்டாள். நான்தான் ஓடிப்போய் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா குளிக்கிறா" என்பேன். வேறு பொய் எனக்கு வராது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மீனுக்கு ஐஸ் போடுகிற வாடியில் ஐஸ்கட்டி தூக்கியவன்.

"டேய், உன்ர அக்கா ஒரு நாளைக்கு எத்தினை தரமடா குளிக்கிறா?" என்றார் ஒருநாள். சிரித்தார் என்றுதான் நினைத்தேன். பிறகு சொன்னார்: "ஒரு பிளேயரும் சத்தப் பெட்டியும் ஆளிட்டக் குடுத்து விட்டிருக்கிறன். அதோட ஒரு சீடித் தட்டு இருக்கு. அக்காவுக்கு மட்டும். அதைக் கேட்டும் அவ கதைக்காட்டி, நான் இனி எடுக்க மாட்டன்."

சமாதானம் என்று சொன்ன காலம் முடிந்து, எடுத்துவிட்ட ஆமிக் காவல் சென்றிகள் எல்லாம் திரும்ப முளைத்திருந்த நேரம் அது. துறைமுகத்துக்குள் யாரும் நீந்தி வரக்கூடாதென்று கடற்படை தண்ணீருக்குள் குண்டு போடும்; வீட்டு யன்னல் நடுங்கும். ரேடியோவில் நல்ல பாட்டுப் போகும்போதுதான் அம்மா, "சத்தத்தைக் குறை, வெளியில என்ன கேக்குதெண்டு பாப்பம்" என்பா. பாட்டை முழுதாய்க் கேட்டவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. அப்படியொரு வீட்டுக்கு ஏன் இவ்வளவு பெரிய சத்தப் பெட்டி என்று நான் அன்றைக்கே பயந்தேன்.

சாமான் வந்திறங்கிய இடம் துறைமுகப் பக்கம் கிண்ணியா முஸ்லிம் நானா ஒருவரின் கடை. அங்கேதான் இரண்டு வயரையும் முதலில் பார்த்தேன்.

"இது சிவப்பு வெள்ளை, எல்லாரும் பாவிக்கிறது. இந்தக் கறுப்பில வெளிச்சத்தால சத்தம் போகும். சுத்தமாக் கேக்கும். ரெண்டையும் கொண்டுபோய் எது நல்லமெண்டு பாருங்க தம்பி" என்றார் நானா.

"வீட்ட போய்ச் சேர எது நல்லம் நானா?"

நானா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். சிரிக்கிற கேள்வி இல்லையே அது. வீட்டுக்குப் போகும் வழியில் சென்றி. பையில் வயர் கண்டால், அதுவும் சிவப்பு வயர் கண்டால், என்ன நினைப்பார்கள்? கரண்டுக்குக் குத்துகிற வயரில் பயமில்லை, அது இஸ்திரிப்பெட்டியிலும் இருக்கிறது. சிவப்பு வெள்ளைக்குள் செம்புக் கம்பி. கறுப்புக்குள் கம்பியே கிடையாதாம். கம்பியில்லாத வயரை யார் சந்தேகப்படுவார்? பெரிய கெட்டிக்காரன் மாதிரி சிவப்பு வெள்ளையை நானாவிடமே வைத்துவிட்டு, கறுப்போடு சைக்கிளை உழக்கினேன்.

சென்றியில் கொஞ்சம் தமிழ் தெரிந்த ஆமிக்காரன் முதலில் தூக்கியதே அதைத்தான்.

"என்னா இது?"

"வயர் சேர்."

வளைத்துப் பார்த்தான். நுனியைப் பார்த்தான். "பொய். கம்பி இல்லே."

"இதில வெளிச்சத்தால சத்தம் போகும், சேர்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே விளங்கியது. மற்றவனையும் கூப்பிட்டான். போட்டுக் காட்டச் சொன்னார்கள். பக்கத்தில் சலூன். அங்கே கரண்டுக்குக் குத்தி, பிளேயரில் கறுப்பைச் செருகினேன். மற்ற நுனியில் சிவப்பு வெளிச்சம் பற்றியது. இருவரும் பின்னால் போனார்கள். துவக்கு முன்னால் வந்தது. கதிரையில் பாதிச் சவரத்தோடு இருந்தவர் சவர்க்கார நுரையோடு எழும்பி நின்று கையை உயர்த்தினார். அவரை யாரும் உயர்த்தச் சொல்லவில்லை.

நுனியைச் சத்தப் பெட்டிக்குள் தள்ளினேன். போட்டுக் காட்ட என்னிடம் வேறு தட்டு இல்லை.

ஒரு இருமல். பிறகு, "சாந்தி, நான்தான்."

இரைச்சல் துளியும் இல்லை. அத்தான் சலூனுக்குள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. "கோவமெண்டு தெரியும். கோவத்தை விடச் சொல்லேல்ல. கோவத்தோடயே ஒருக்கா ஃபோனுக்கு வா. வந்து ஏசு. உன்ர ஏச்சைக் கேட்டுக் கனகாலம்."

நுரை முகத்துக்காரர் நிலத்தைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் எல்லாருமே இருந்தோம்.

"அக்கா கோவமா?" என்றான் ஆமிக்காரன்.

"ஓம் சேர். கொஞ்சம்."

மற்றவனுக்குச் சிங்களத்தில் சொன்னான். இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. "போ மல்லி, போ தம்பி. இது இங்கே" என்று கறுப்பு வயரைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்தான்.

ஆகவே நான் வீடு சேர்ந்தபோது பிளேயர் இருந்தது, பெட்டி இருந்தது, தட்டு இருந்தது, சத்தம் போக வழி இல்லை. ரீவியில் போடவும் சிவப்பு வெள்ளைதான் வேண்டும். பொழுது பட்டுவிட்டது, இனி வெளியே போக ஏலாது. பக்கத்து வீட்டில் போட்டுக் கேட்கலாமே என்றேன். "ஊர் கேக்கவோ?" என்றாள் அக்கா. ஊர் ஏற்கனவே கேட்டுவிட்டதை நான் சொல்லவில்லை. விடிய முன் மிச்ச ஊருக்கும் சொல்லிவிடுகிற பொறுப்பைச் சலூன்காரர் எடுத்திருப்பார்.

நான் அதைக் கேட்டுவிட்டேன் என்று என் முகத்திலேயே கண்டிருக்கவேண்டும். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே, பெரிய அக்கறை இல்லாதவள் போல, "என்னவாம்?" என்றாள்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி ஒப்புவித்தேன். 'வந்து ஏசு' என்ற இடத்தில் துருவுகிற சத்தம் நின்றது.

"திரும்பச் சொல்லு."

சொன்னேன்.

"இப்பிடியே சொன்னவர்?"

"இல்லை. முதல்ல இருமிப்போட்டு."

"இருமிக் காட்டு."

இருமினேன். முன்னறையிலிருந்து அம்மா, "ஆருக்கடா இருமல்? மெதுவா இருமுங்கோ, வெளியில என்ன கேக்குதெண்டு பாப்பம்" என்றா.

அடுத்த நாள் ஆளனுப்ப முதலே அக்கா கொம்யூனிகேஷன் கடையில் போய்க் குந்தியிருந்தாள். ஃபோன் வைத்த கண்ணாடிக் கூண்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஏசினாளாம். கடைக்கு வந்தவர்கள் சாமான் வாங்க மறந்து நின்றார்களாம். சிவப்பு வெள்ளை வயர் பிறகுதான் வந்தது. அறையைப் பூட்டிவிட்டு இரைச்சலோடு அந்தத் தட்டைத் தேயத் தேயக் கேட்டாள்.

சென்றி நின்ற இடத்தில் இப்போது தெம்பிலி இளநீர் விற்கிறார்கள். சலூன் இருந்த இடத்தில் ஃபோன் திருத்துகிற கடை. யன்னல் நடுங்குவதில்லை. அம்மா இல்லை; சத்தத்தைக் குறைக்கச் சொல்லவும் ஆளில்லை. தட்டு அலுமாரிக்குள் வெள்ளி உரிந்து கிடக்கிறது, எந்த மெஷினும் அதைப் படிப்பதில்லை.

உங்களுக்குச் சொன்னதில் பாதியைக் கடைசியில் அவனுக்கும் சொன்னேன். கேட்ட மருமகன், "அப்பா, அதில என்ன சொன்னீங்கள்?" என்று கத்தினான்.

அத்தான் காதில் கையை வைத்தார். "ஆருக்கடா ஞாபகம்?"

"மாமாவைக் கேள்" என்றாள் அக்கா குசினியிலிருந்து. "அவனுக்குப் பாடம்."

சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை. அத்தானுக்கு எதுவும் கேட்கவில்லை, ரீவியையே பார்த்தபடி இருந்தார். ஆள் இருக்கிறார், அந்தக் குரல்தான் இனி எந்த வயராலும் வராது.

"இருமேல்லையே நீ" என்றாள் அக்கா.

இருமினேன். ஆனால் இந்த வயதில் வருவது என்னுடைய சொந்த இருமல்தான்.